நவம்பர் மேகத்துக்கு மூன்று ஹாரன்

என் கணவன் ராய்ஸ் மரத்தின் மேல் பரண் கட்டிக்கொண்டு, இருமாமல் தும்மாமல் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அதற்குப் பெயர் வேட்டை. நான் காரில் போய் ஒரு மேகத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவேன். அதற்குப் பெயர் பைத்தியம். எங்கள் வீட்டில் பெயர் வைக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

ஏப்ரல், மே மாதங்களில் எங்களுக்குள் சண்டை கிடையாது. எனக்கு மேகம் உண்டு, அவனுக்கு மான் கிடையாது. வில்லங்கமெல்லாம் நவம்பரில்தான். நன்றி நாள் விருந்துக்கு முந்தைய சனிக்கிழமை, ஓக்லஹோமாவில் துப்பாக்கியோடு மான் வேட்டை தொடங்கும். அந்த வாரம் பார்த்துத்தான் தெற்கே கடல் பக்கமிருந்து வருஷத்தின் கடைசி வெக்கை மேலே ஏறி வரும். வடக்கிலிருந்து குளிர் இறங்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில், அடியிலிருந்து உச்சி வரை மொத்தமாகச் சுழலும் இடிமேகம் ஒன்று எழும்பும். சூப்பர்செல் என்போம். மே மாதத்து மேகம் நிதானமானது, போட்டோவுக்கு நிற்கும். நவம்பர் மேகம் நிற்காது, மணிக்கு ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் ஓடும். ஐந்தரைக்கெல்லாம் இருட்டியும் விடும். அதனால் விட்டால் பிடிக்க முடியாது.

கொடுமை என்னவென்றால், மானும் அதே நேரத்தைத்தான் பார்த்து வைத்திருக்கிறது. காற்று மாறுவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம் வயிறு முட்ட மேய வரும். எனவே எந்த மணியில் நான் "இறங்கு" என்று சொல்ல வேண்டுமோ, அந்த மணிக்காகத்தான் ராய்ஸ் வருஷம் முழுக்கக் காத்திருப்பான்.

மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். முதல் தடவை, வந்தது பட்டாணி அளவு ஆலங்கட்டி. இரண்டாம் தடவை, வெறும் தூறல். மூன்றாவது போன வருஷம். நான் போன் செய்ததைக் கேட்டு அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி முகாமுக்கு நடந்தான். மேகம் அரை வழியில் கலைந்துபோனது. அவன் இறங்கிய பத்தாவது நிமிஷம், பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு கலைமான் அவன் பரணுக்கு அடியில் நடந்து போய், அடுத்த பரணில் இருந்த அவன் கூட்டாளி வெண்டலின் குண்டுக்கு விழுந்தது. அதன் தலை இப்போது வெண்டல் வீட்டு ஹாலில் தொங்குகிறது. நாங்கள் விருந்துக்குப் போகும்போதெல்லாம் ராய்ஸ் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவான்.

"இனிமே உன் பேச்சைக் கேட்டுப் பரண்லருந்து எறங்குனேன்னா என் பேரு ராய்ஸ் இல்ல," என்றான் அன்றைக்கு. அதிலிருந்து காட்டுக்குள் போனதும் போனை அணைத்துவிடுவான். நானும் வீம்புக்காரிதான். வானமே இடிந்து விழுந்தாலும் இனி உன்னைக் கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் அந்தச் சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் பிசுபிசுவென்று தெற்குக் காற்று அடித்தது. நவம்பரில் வாசலில் வெறும் சட்டையோடு நிற்க முடிந்தது. ராய்ஸ் காபிக் கோப்பையோடு அந்தக் காற்றை மோந்து பார்த்து முகம் மலர்ந்தான்.

"சாயங்காலத்துக்குள்ள காத்து திரும்பிரும். அதுக்கு முன்னாடி அத்தனை மானும் மேய வரும் பாரு."

"ராய்ஸ், இன்னிக்கு வந்து..."

"சொல்லாத." கையைக் காட்டினான். "ஒரு வார்த்தை சொல்லாத. வெண்டல் வீட்டுச் சுவத்துல தொங்குது பாரு, அது நீ சொன்ன வார்த்தைதான்."

"ஜாக்கெட்டை மறந்துட்டன்னு சொல்ல வந்தேன்."

ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனான். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனாலும் விழுங்கிவிட்டேன். நான்காம் தடவையும் பொய்த்துப் போனால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

மத்தியானம் என் நாத்தனார் ஷானா வந்தாள். ராய்ஸின் தங்கை. அண்ணனுக்குத் துப்பாக்கி எப்படியோ, அவளுக்கு அந்தப் பழைய கார் அப்படி. ஆலங்கட்டி விழுந்து விழுந்து பானட் முழுக்கப் பள்ளம், ஹாரன் மட்டும் லாரி ஹாரன் போல அலறும். எங்கள் ஏற்பாடு எளிமையானது. அவள் ஓட்டுவாள், சாலையைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது. நான் வானத்தையும் மடியிலிருக்கும் டேப்லெட்டில் ரேடார் படத்தையும் பார்த்து வழி சொல்வேன். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கண்ணால் பார்த்த சுழல்காற்று இரண்டே இரண்டு. மீதியெல்லாம் நான் சொல்லக் கேட்டதுதான்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள் கிளம்பும்போது.

"எதுக்கு? இன்னொரு தலையைச் சுவத்துல மாட்டவா?"

"அதுவும் சரிதான். பின் சீட்டுல வறுத்த கோழி இருக்கு. அதுலயாவது எனக்கு ஒரு துண்டு மிச்சம் வைங்க."

மூன்று மணிக்குச் சிவப்பு ஆற்றங்கரைச் சமவெளியில் அதைப் பிடித்தோம். நவம்பர் மேகத்தில் நிறம் இருக்காது. அறுவடை முடிந்த வயல், சாம்பல் வானம், அதற்குக் கீழே இன்னும் கருத்த சாம்பலாக மேகத்தின் அடிவயிறு, ஒரு மைல் அகலத்துக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷானாவிடம் காரை ஓரங்கட்டச் சொல்லி இறங்கி நின்றேன். அந்தச் சுழற்சியின் நடுவிலிருந்து தும்பிக்கை போல ஒன்று இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கித் தரையைத் தொட்டது. சிவப்பு மண் எழும்பியது.

"அண்ணி, எப்படி இருக்கு?"

"நீயும் எறங்கிப் பாருடி, கார் நின்னுட்டுதான இருக்கு!"

இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த மூன்று நிமிஷமும் எனக்குச் சந்தோஷம்தான். பிறகு அது ஒரு கோழிப்பண்ணையின் மேல் ஏறியது. தகரக் கூரை முழுசாகக் கழன்று மேலே போய், ஒவ்வொரு தகடாகப் பிரிந்தது. சந்தோஷம் அந்த இடத்தில் செத்தது. வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்து நேரமும் இடமும் சொன்னேன். பண்ணைக்காரர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஆளுக்கு ஒன்றுமில்லை. தும்பிக்கை மேகத்துக்குள் சுருண்டுகொண்டது, ஆனால் மேகம் சுற்றுவதை நிறுத்தவில்லை.

ஷானா காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். "அண்ணி, இது எந்தப் பக்கம் போகுது?"

"வடகிழக்கே."

"வடகிழக்கே என்ன இருக்கு?"

டேப்லெட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். ஆறு, நெடுஞ்சாலை, மலையடிவாரம், பைன் காடு. ராய்ஸும் அவன் கூட்டாளிகளும் வருஷக் குத்தகைக்கு எடுத்திருக்கும் வேட்டைக்காடு அந்தக் கோட்டின் மேலேயே கிடந்தது. முப்பது மைல். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

போன் செய்தேன். அணைத்திருந்தான். மறுபடி செய்தேன். "ராய்ஸ், சத்தியமா இந்தத் தடவை நிஜம்" என்று எழுதி அனுப்பினேன். அனுப்பும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. போன தடவையும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதியிருந்தேன்.

"ஓட்டு," என்றேன்.

ஷானா ஓட்டினாள். மேகத்துக்கு வளைவு கிடையாது, எங்களுக்கு உண்டு. இருந்தாலும் நெடுஞ்சாலையில் எண்பதில் பறந்து அதை முந்தினோம். நான் டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கள் கார் ஒரு நீலப் புள்ளி, மேகம் சிவப்பும் ஊதாவுமாக ஒரு கொக்கி. புள்ளி முன்னால் போகப் போக இடைவெளி கூடியது. ஆறு மைல், எட்டு மைல், பத்து மைல். மலைச் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் பைன் மரங்கள் வானத்தை மூடிக்கொண்டன. அதற்கு மேல் எனக்கு அந்தப் படம்தான் வானம்.

"அண்ணி," என்றாள் ஷானா கொஞ்ச தூரம் போனதும். "இடி பின்னாடி வலப்பக்கமா கேக்கற மாதிரி இல்ல?"

"மலைல பட்டுத் திரும்பும். நீ ரோட்டைப் பாரு."

பன்னிரண்டு வருஷத் திமிர் அப்படித்தான் பேசும்.

குத்தகைக் காட்டின் இரும்புக் கேட்டுக்கு வந்தபோது டேப்லெட் சொன்னது: மேகம் பதினொரு மைல் தொலைவில், நேராக எங்களை நோக்கி. பன்னிரண்டு நிமிஷம். ராய்ஸின் பரண் அங்கிருந்து முக்கால் மைல், கார் போகாத ஏற்றம். ஓடினாலும் நான் போய்ச் சேரவே பன்னிரண்டு நிமிஷமாகும். போய்ச் சேர்ந்தால் மட்டும் என்ன? மரத்தடியில் நின்று கத்துவேன், அவன் மேலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டுவான். அவன் இறங்கமாட்டான் என்பது எனக்கு என் பெயரைப் போலத் தெரியும்.

அப்போதுதான் ஹாரன் நினைவுக்கு வந்தது.

பரண் உயரத்தில் மட்டும் டவர் எட்டி, கீழே கிடைக்காத அந்தக் காட்டில் வேட்டைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. துப்பாக்கிச் சத்தமோ விசிலோ ஹாரனோ, நீளமாக மூன்று, பத்து எண்ணும்வரை அமைதி, மறுபடி மூன்று. ஒருவன் உயிருக்குப் போராடுகிறான் என்று அர்த்தம். கேட்டவன் எவனாக இருந்தாலும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் ஒருவர் பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தபோது அப்படித்தான் காப்பாற்றினார்கள். அடிபட்ட மானைத் துரத்திக்கொண்டிருந்த ஆள்கூட அதை விட்டுவிட்டு வந்தார். அதை யாரும் விளையாட்டுக்குச் செய்வதில்லை. செய்தால் குத்தகையிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள்.

"ஷானா, ஹாரனை அடி. மூணு."

"அண்ணி, வேணாம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. இதை அடிச்சா அண்ணனை எடுத்துருவாங்க."

"உசுரோட இருந்தா எடுக்கட்டும்."

அவள் கை நகரவில்லை. நான் குறுக்கே சாய்ந்து இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கினேன். மூன்று. பத்து எண்ணினேன். மூன்று. மறுபடி எண்ணினேன். அந்த ஹாரன் மலை முழுக்க அலறியது. என் பேச்சுக்கு இறங்காதவன் எவனோ ஒருவனுக்காக இறங்குவான் என்று நினைத்தபோது, அவசரத்துக்கு நடுவிலும் எனக்கு அழுகை வந்தது.

மரங்களுக்கிடையில் முதலில் ஒரு ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. வெண்டல், அறுபத்து நான்கு வயது, முதலுதவிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னாலேயே இரண்டு பேர். ஒருவன் தோளில் கயிறு, மற்றவன் கையில் போர்வை. ராய்ஸைக் காணவில்லை.

"யாரு? யாரு விழுந்தது?"

"வெண்டல் அண்ணே, எல்லாரும் அந்த ஓடைப் பள்ளத்துக்கு எறங்குங்க. மேகம் வருது, தரையைத் தொட்ட மேகம், இன்னும்..." எத்தனை நிமிஷம் என்று சொல்ல டேப்லெட்டைப் பார்த்தேன்.

படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் நேரம் இருக்கும். அந்தப் படம் எப்போது எடுத்தது என்பதைச் சொல்லும் நேரம். மூன்று முப்பத்தொன்று. என் கைக்கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

மலைக்குள் நுழைந்த உடனே டவர் போயிருக்கிறது. படம் அங்கேயே உறைந்து நின்றுவிட்டது. ஆனால் எங்கள் நீலப் புள்ளிக்கு டவர் தேவையில்லை, அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. புள்ளி நகர்ந்ததால் படமும் உயிரோடிருப்பதாக நான் நம்பினேன். புதுசாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதே இதுதான்: படத்தைப் பார்க்கும் முன் நேரத்தைப் பார். பத்தொன்பது நிமிஷம் நான் பார்க்கவில்லை. அந்த வேகத்தில் அது பதினேழு மைல் ஓடியிருக்கும். இங்கே வருவதாக இருந்தால் இந்நேரம் தலைக்கு மேல் இருக்க வேண்டும்.

தலைக்கு மேல் ஒன்றுமில்லை. மேற்கே மேகத்தின் ஓரம் கிழிந்து, மஞ்சள் வெயில் சாய்வாக வந்து அந்த மூன்று ஆரஞ்சுச் சட்டைகளின் மேல் விழுந்தது. இடி தூரத்தில், தென்கிழக்கே, மறுபடி இடித்தது. பலம் பிடித்த சூப்பர்செல் வலப்பக்கம் திரும்பும். அதன் குணம் அது. ஆளில்லாத ஆற்றங்காட்டின் மேல் அது தன் வழியே போய்க்கொண்டிருந்தது. ஷானாவின் காதுக்குக் கேட்டது எனக்குத்தான் கேட்கவில்லை.

"என்னம்மா டார்லா," என்றார் வெண்டல். "யாரு விழுந்ததுன்னு கேட்டேன்."

"யாரும் விழல அண்ணே."

"பின்ன?"

"மேகம் இங்க வரும்னு நினைச்சேன். படம் பழசு. நான் பார்க்கல. தப்பு என்னோடது. ஹாரன் அடிச்சதும் நான்தான், ஷானா வேணாம்னு சொன்னா."

கயிறு வைத்திருந்தவன் கயிற்றைத் தரையில் போட்டான்.

"என் சின்ன மகன் தூரத்துல, நாலாவது பரண்ல இருக்கான்," என்றார் வெண்டல். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை. "ஓடி வர்றப்போ அவன்தான் விழுந்துட்டான்னு நினைச்சேன். நெஞ்சு இப்பவும் அடிச்சுக்குது. இது வெளையாட்டாம்மா?"

"வெளையாட்டு இல்ல அண்ணே. பயம்."

"ஆத்தங்கரையில கோழிப்பண்ணைக் கூரையைத் தூக்கிட்டுப் போயிருச்சுங்க," என்றாள் ஷானா எனக்காக. "நாங்க கண்ணால பார்த்தோம்."

அவர் பதில் சொல்வதற்குள் ஏற்றத்திலிருந்து ஒருவன் வருவது தெரிந்தது. ஓட்டமுமில்லை, நடையுமில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்ற முடியாமல் விந்தி விந்தி, ஆனால் நிற்காமல் வந்தான். தொப்பி இல்லை. துப்பாக்கி இல்லை. முட்செடி கிழித்து நெற்றியிலிருந்து கன்னம் வரை ரத்தக் கோடு. ராய்ஸ் எங்களைப் பார்த்தான். ஷானாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி ஷானாவைப் பார்த்தான். இரண்டு பேரும் இருக்கிறோமா என்று எண்ணுகிறவனைப் போலப் பார்த்துவிட்டு, அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் பொண்டாட்டி மேகத்தைப் பார்த்து ஹாரன் அடிச்சிருக்காடா," என்றார் வெண்டல்.

ராய்ஸ் தலையை ஆட்டினான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "சரி," என்றான்.

"என்ன சரி? மூணு ஹாரனுக்கு என்ன கட்டுப்பாடுன்னு தெரியும்ல?"

"தெரியும் வெண்டல். பேரை அடிக்கணும்னா அடி. இப்ப எனக்கு ஒரு வாய் தண்ணி வேணும்."

தண்ணீரை வெண்டல்தான் கொடுத்தார். அவன் காலைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பெட்டியைத் திறந்து கட்டுப் போட்டார். பூட்ஸைக் கழற்றியபோது கணுக்கால் பிசைந்து வைத்த மாவு போல உப்பியிருந்தது. கட்டி முடித்து எழுந்து, "ராத்திரி முகாம்ல பேசிக்கலாம். துப்பாக்கியை நான் எடுத்து வைக்கறேன்," என்று சொல்லி, மகன் இருக்கும் பரண் பக்கம் நடந்தார். மற்ற இருவரும் என்னைப் பார்க்காமல் பின்னால் போனார்கள்.

ஷானா காரைத் திருப்பினாள். பின் சீட்டில் ராய்ஸின் கால் என் மடியில் இருந்தது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் நாலு வார்த்தை சொல்லி மனசு ஆறலாம். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஏணில வழுக்கிட்டியா?" என்றேன் கடைசியில்.

"ஏணில எறங்கல. குதிச்சேன்."

"பன்னெண்டு அடி ராய்ஸ்!"

"ஏணி அந்தப் பக்கம் இருந்துச்சு. சத்தம் இந்தப் பக்கம் வந்துச்சு."

"யாரோ விழுந்துட்டாங்கன்னு நினைச்சியா?"

"யாரோவா?" திரும்பிப் பார்த்தான். "மொத ஹாரன்லயே இது ஷானா கார்னு தெரிஞ்சிருச்சு. இந்த மாகாணத்துல வேற எந்தக் காருக்கு அப்படி ஒரு ஹாரன் இருக்கு? மேகத்துக்கு அடில நீங்க ரெண்டு பேரும் இருப்பீங்கன்னும் தெரியும். ஒருத்தி மூணு அடிக்கறான்னா, இன்னொருத்தி அடிக்க முடியாமக் கெடக்கறான்னுதான அர்த்தம்? முக்கால் மைல் டார்லா. எவ அடிக்கறா, எவ கெடக்கறான்னு தெரியாம முக்கால் மைல் ஓடி வந்தேன். ஓடறப்ப நான் கடவுள்கிட்ட..." முன் சீட்டில் தெரிந்த தங்கையின் தலையைப் பார்த்து நிறுத்தினான். "நான் கேட்டது நல்ல வேண்டுதல் இல்ல. ஒருத்தியைக் குடு, இன்னொருத்தியை எடுத்துக்கன்னு யாராவது கேப்பாங்களா?"

கார் கொஞ்ச தூரம் ஓடியது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே," என்றாள் ஷானா. அவள் குரல் உடைந்திருந்தது.

நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் இத்தனை மேகம் பார்த்திருக்கிறேன், எதற்கும் அப்படி அழுததில்லை. அவன் இறங்கமாட்டான் என்றே இத்தனை நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்க வைக்க நான் என்ன விலை கொடுக்க வைத்தேன் என்று இப்போதுதான் தெரிந்தது.

"அழாத," என்றான். "ஒண்ணு மட்டும் கேளு. இனிமே போனை அணைக்கமாட்டேன். மேகம் வருதுன்னு உனக்குத் தோணுச்சுன்னா மேகம் வருதுன்னு சொல்லு. எறங்கிடறேன். அந்த ஹாரனை மட்டும் இன்னொரு தடவை அடிக்காத. அந்த ஓட்டம் இன்னொரு தடவை என்னால ஓட முடியாது."

"நான் சொல்றது மறுபடியும் தப்பாப் போனா?"

"தப்பாப் போனா என்ன? ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்."